ஞாயிறு காலை யார் வீட்டில் இருப்பார்கள்?

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டு மெட்டில்டாவுக்கு என்ன வேலை என்று தெருவில் யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. உலகத்தில் எங்கே பெரிய நிலநடுக்கம் வந்தாலும் அவளுடைய போன் அலறும். எவ்வளவு குலுங்கியிருக்கும், அங்கே எந்த மாதிரி வீடுகள், அந்த நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருந்திருப்பார்கள் என்று பார்த்து, அரை மணிக்குள் உத்தேசமாக ஒரு சாவு எண்ணிக்கையை அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் மீட்புக் குழுக்கள் கிளம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யும். இப்படியும் ஒரு பிழைப்பா என்று நான் கிண்டல் செய்ததுண்டு. செய்தி வரட்டும் என்று நாம் காத்திருக்கலாம், இடிபாட்டுக்குள் கிடப்பவன் காத்திருப்பானா என்று திருப்பிக் கேட்டாள். 

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை நடுவில் அந்த போன் அதிர்ந்தது. பக்கத்தில் அவள் அம்மா ரோஸி, அடுத்து நான். திரையைப் பார்த்தவளின் முகம் வெளுத்துவிட்டது. வடகிழக்கில் ஒரு மலையூர். அவள் தம்பி ஜேசன் அங்கேதான் மிஷன் பள்ளியில் வாத்தியார், கூடவே மனைவி பிளஸ்ஸி. மெட்டில்டா லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட, நானும் பின்னால் போனேன்.

ஜேசனுக்கும் பிளஸ்ஸிக்கும் லைன் கிடைக்கவில்லை. கார் பானெட்டின் மேல் லேப்டாப்பை வைத்து வேலையை ஆரம்பித்தாள். விடுமுறை நாள் என்பதால் எல்லோரும் வீட்டில்தான் என்று அவள் ஆபீஸ் புரோகிராம் எடுத்துக்கொண்டது. அந்த ஊர் வீடுகள் மூங்கில் சுவரும் தகரக் கூரையும், விழுந்தாலும் ஆளைக் கொல்லாதவை. சாவு பத்துப் பேருக்குள் என்று வந்தது. அப்படியே அனுப்பிவிட்டு அப்பாடா என்றாள். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

உள்ளே சபையார் எழுந்து விசுவாசப்பிரமாணம் சொல்ல ஆரம்பித்தார்கள். அத்தனை பேர் குரலும் சேர்ந்து வெளியே வந்தது. மெட்டில்டா நிமிர்ந்து கோயில் கதவையே பார்த்தாள்.

ஜேசன் இருக்கும் ஊரில் ஞாயிறு காலை எவன் வீட்டில் இருப்பான்? ஊர் முழுக்க கிறிஸ்தவர்கள், அந்த நேரம் ஊரே கோயிலில் இருக்கும். அது செங்கல்லில் கட்டிய பழைய பெரிய கோயில், அவன் அனுப்பிய போட்டோவில் நானே பார்த்திருக்கிறேன். வேறு யாராவது இதை மறந்தால் மன்னிக்கலாம். கோயில் வாசலில் நின்றுகொண்டே இவள் மறந்தாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

உடனே மேலதிகாரி ராகவேந்திராவுக்குப் போன் போட்டு, எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போகும், மாற்ற வேண்டும் என்றாள். அவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் கேட்டுவிட்டார்.

"தம்பி அங்க இருக்கறதால இப்படித் தோணுதாம்மா?"

"தம்பி அங்க இருக்கறதாலதான் சார் இவ்ளோ நேரம் தோணல," என்றாள். "சின்ன நம்பர் வந்ததும் சந்தோஷமா அனுப்பிட்டேன்."

உடனே அனுப்பச் சொல்லிவிட்டார். புது எண் போனது. கிளம்ப வேண்டாம் என்று நிறுத்திவைத்திருந்த மீட்புக் குழு பகலிலேயே புறப்பட்டது. தன் கணக்கு பிசகக்கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவள், அன்று முழுக்க அது பொய்யாகட்டும் என்று ஜெபித்தாள். ரோஸியிடம் என்ன எண் என்று சொல்ல அவளுக்கும் எனக்கும் வாய் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் யாருடைய போனிலிருந்தோ ஜேசன் பேசினான். குழு முந்தின நாளே வந்துவிட்டதாம். கோயில் சுவருக்கு அடியிலிருந்து அவனை எடுத்துவிட்டார்களாம். பிளஸ்ஸியை இன்னும் தேடுகிறார்களாம்.

"அக்கா, உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. உள்ள மாட்டினவங்க எவ்ளோ நேரம் தாங்குவாங்க?"

அதற்கும் அவளிடம் ஒரு கணக்கு உண்டு. தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"தேடச் சொல்லுடா," என்றாள். "நிறுத்த மட்டும் விடாத."