கடைசி இருபது நிமிடம்

கடந்த வருடம் ஏழு கிழமைகளில், வாரத்துக்கு ஒன்றாக, ஏழு படங்களை யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் பார்த்தேன். நான்கு சண்டைப் படங்கள், மூன்று பகிடிப் படங்கள். ஏழு படங்களையும் பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றில் எழுதினேன். ஏழில் ஒன்றின் முடிவைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

அதை ஒரு குறையென்று அப்போது நான் நினைக்கவில்லை. சனிக்கிழமைகளில் மத்தியானம் வரை பட்டணத்தில் ஒரு கல்வி நிலையத்தில் படிப்பிக்கிறேன். அதன் பிறகு எனக்கு வாய்ப்பது இரண்டரை மணிக் காட்சி. இரண்டரை என்பது சுவரொட்டியின் நம்பிக்கை மட்டுமே. நகைக்கடை விளம்பரங்கள் எல்லாம் முடிந்து படம் தொடங்க மூன்று மணியாகிவிடும். தீவில் இருக்கும் நாரந்தனைக்கு வரும் எங்கள் கடைசி பஸ் ஐந்தே முக்காலுக்கு. இந்தக் காலத்து இயக்குநர்கள் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் குறைவாக யாரையும் பழிவாங்குவதில்லை. ஆகவே ஐந்தரைக்கு எழும்ப வேண்டும்.

நான் தனியாக எழும்புவதில்லை. இருட்டுக்குள் அங்குமிங்கும் கதிரைகள் மடங்கும் சத்தம் கேட்கும். அதை எண்ணினால் தீவுப் பக்கத்து ஆட்கள் அன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். கதாநாயகன் கத்தியைத் தூக்கும் நேரத்தில் நாங்கள் செருப்பைத் தேடுவோம். பின்வரிசைக்காரர்கள் மறைக்க வேண்டாம் என்று ஏசுவார்கள்.

பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் படத்தை முடிக்கும் வேலை தொடங்கும். இதில் புடவைக்கடை ஒன்றில் வேலை செய்யும் ஒரு அக்கா தேர்ந்தவர். வில்லன் எப்படிச் சாகிறான், தாய் எங்கே நின்று அழுகிறாள், கதாநாயகி எந்த நிறச் சேலையில் ஓடி வருகிறாள் என்பதையெல்லாம் பார்த்தவர் போலச் சொல்வார். மற்றவர்கள் திருத்துவார்கள். எப்படியும் வேலணைக்கு முன்னர் வில்லன் செத்துவிட வேண்டும். அங்கே பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள்.

எனக்கு இதைப் பற்றி ஒரு கொள்கையே இருந்தது. சண்டைப் படத்தின் முடிவுக்காக இருப்பது, இரண்டும் இரண்டும் எத்தனை என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதும்வரை காத்திருப்பது போன்றது என்று முதல் கிழமையே எழுதினேன். கதாநாயகனைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். ஒருவன் அடி வாங்கி முடியும்வரை மற்றப் பத்தொன்பது பேரும் வரிசையில் நிற்பார்கள். எங்கள் பஸ் நிலையத்தில் அப்படியொரு ஒழுங்கை நான் கண்டதில்லை. துவக்கு வைத்திருப்பவன் அதை எறிந்துவிட்டுக் கையால் அடிபட வருவான். சுடுவதற்கு முன் அரை மணி நேரம் பேசுவான். எங்கள் அப்பா அம்மாவின் வயதுக்காரருக்கு வெடிச்சத்தம் என்றால் என்னவென்று தெரியும். அதற்கு முன்னால் நின்று வசனம் பேச யாருக்கும் நேரம் கிடைத்ததாக அவர்கள் சொன்னதில்லை.

பகிடிப் படங்களைப் பற்றி எழுதும்போது இன்னும் தாராளமாக இருந்தேன். அவற்றுக்கு முடிவே தேவையில்லை, எப்போது எழும்பிப் போனாலும் சிரித்தது மிச்சம் என்று எழுதினேன். ஒரு படத்தில் இந்திய நடிகர் ஒருவர் எங்கள் தமிழைப் பேசுவதாக நினைத்து ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘ஓம்’ ஒன்றைப் போட்டார். பூசை நடப்பது போலிருந்தது. தியேட்டர் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

இப்படி எழுதுவதற்கு எனக்குத் தகுதி இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குப் போனதும் நான்தான். பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் என் பட்டத்தையும் போடச் சொன்னேன். ஞாயிறு இணைப்பின் ஆசிரியர் வெட்டிவிட்டார். எட்டுக் கிழமை எழுதிக் காட்டும், சரிவந்தால் சினிமாப் பத்தி எழுதும் இடம் உமக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. வீட்டில் மட்டும் படித்தவளாக இருந்தால் போதாது என்று எனக்கு எண்ணம்.

என்னைவிட அது அப்பாவுக்கு வேண்டியிருந்தது. அப்பா மரக்கறி பயிரிடும் தோட்டக்காரர். கையெழுத்து வைப்பார், வாசிக்க வராது. ஞாயிறு காலையில் ஊர்காவற்றுறைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோனால், பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பேப்பரை வாங்கி, வேலையிலிருந்து இளைப்பாறிய தபாற்காரர் ஒருவரிடம் கொடுப்பார். அவர் நான் எழுதியதைக் கடை முழுவதற்கும் கேட்க வாசிப்பார். அப்பா தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு கேட்பார்.

ஏழாவது படம் ஒரு சண்டைப் படம். தமையனைக் கொன்றவர்களைத் தேடித் தம்பி ஊருக்கு வருகிறான். நான் ஐந்தரைக்கு எழும்பியபோது இருபத்தாறு பேர் செத்திருந்தார்கள். பெரிய வில்லன் மட்டும் மிச்சம். அன்றைக்கு பஸ்ஸில் புடவைக்கடை அக்கா நல்ல உற்சாகத்தில் இருந்தார். தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்து, மாலை போட்ட தமையனின் படத்துக்கு முன்னால் கத்தியை வைத்துவிட்டு அழுவான் என்றார். மறுத்துப் பேச ஒன்றுமில்லாத முடிவு. எனக்கு அது அப்படியே கண்ணில் தெரிந்தது.

கண்ணில் தெரிந்ததை எழுதினேன். ‘வழக்கம் போல மாலை போட்ட புகைப்படம் வருகிறது, வழக்கம் போலக் கண்ணீரும் வருகிறது. தனக்காக இருபத்தாறு பேர் கொல்லப்படுவதற்கு இந்தத் தமையன் தகுதியானவன்தானா என்ற ஒரு கேள்வியை இயக்குநர் கடைசிவரை கேட்கவேயில்லை.’ இந்த இரண்டு வரிகளையும் எழுதிவிட்டு, இரண்டு தடவை வாசித்து ரசித்தேன்.

அந்த ஞாயிறு அப்பா வழக்கத்தைவிட முன்னதாகவே வீட்டுக்கு வந்தார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, மடித்த பேப்பரோடு என் முன்னால் நின்றார். கடையில் மீன் லொறிக்காரர் ஒருவர் இருந்தாராம். தபாற்காரர் வாசித்து முடித்ததும் அவர் சிரித்தாராம். தமையன் சாகவேயில்லையாம். ஊரை ஆட்டிப் படைத்த பெரிய வில்லனே அந்தத் தமையன்தானாம். மாலை போட்ட படம் என்று ஒன்று எந்த இடத்திலும் வரவில்லையாம். தான் போனில் பார்த்ததாக லொறிக்காரர் சத்தியம் செய்தாராம்.

“நீ எழுதினது அச்சில வந்திருக்கு. அவன் சொல்லுறது வாயால வருகுது. நான் எதை நம்புறது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தீர்ப்பும் சொன்னார். அச்சைத்தான் நம்புகிறார். போனில் வருவது யாரோ வெட்டி ஒட்டியது, பட்டதாரி நேரில் பார்த்து எழுதியது பிழைக்காது என்று கடையிலும் சொல்லிவிட்டார். அதோடு, வருகிற சனிக்கிழமை தானே தியேட்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எல்லோருக்கும் சொல்வதாகச் சவாலும் விட்டிருந்தார். அப்பா கடைசியாகத் தியேட்டருக்குப் போனது கலியாணத்துக்கு முன்னர்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த நாள் இணைப்பின் ஆசிரியர் தொலைபேசி எடுத்தபோதும் சொல்லவில்லை.

“நீர் எழுதின முடிவு பிழையெண்டு மூண்டு பேர் போன் எடுத்துக் கதைச்சவை. நீர் படம் முடியிறமட்டும் இருந்தனீரோ?”

“ஓம், இருந்தனான்.”

 வருகிற ஞாயிறு இடமில்லை, எட்டாவதை அதற்கடுத்த ஞாயிற்றுக்கு அனுப்பும் என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

சனிக்கிழமை அப்பா பெரியப்பாவின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, கோயிலுக்குப் போவது போல வெள்ளை வேட்டி கட்டி, தியேட்டர் வாசலில் நின்றார். ரிக்கெற் கொடுப்பவரிடம், பேப்பரில் வந்த படம் இதுதானே என்று கேட்டு உறுதிப்படுத்தினார். உள்ளே கதிரையில் சாயாமல் நிமிர்ந்து இருந்தார். என்னுடைய சாட்சியாக வந்திருக்கிறார் என்பது அவர் இருந்த விதத்திலேயே தெரிந்தது.

இடைவேளைக்குப் பிறகு வாழைத் தோட்டத்தில் ஒரு சண்டை. முதல் தடவை நான் அதைக் கவனமாகப் பார்த்திருந்தேன். கமரா நன்றாகச் சுழல்கிறது என்று எழுதியும் இருந்தேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

“குலை தள்ளின வாழையள் பிள்ளை. உது ஆருடைய தோட்டம்?”

கதாநாயகன் வெட்டிய ஒவ்வொரு வாழைக்கும் அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சிறிய சத்தம் வந்தது. ஆட்கள் விழுந்தபோது வரவில்லை.

ஐந்தரைக்கு அங்குமிங்கும் கதிரைகள் மடங்கின. என் கால்கள் தாமாகவே செருப்பைத் தேடின. இன்னும் முடியவில்லை, இரு என்றார் அப்பா. இருந்தேன். பெரிய வில்லனின் வீட்டுக் கதவைத் தம்பி உதைத்துத் திறந்தான். உள்ளே தமையன் கதிரையில் சாய்ந்திருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தான். பிறகு இருபது நிமிடம் தம்பி அவனை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு வசனங்களில் கேட்டான்: உனக்காக இருபத்தாறு பேரைக் கொன்றேனே, நீ அதற்குத் தகுதியானவன்தானா? இயக்குநர் கேட்கவேயில்லை என்று நான் எழுதிய கேள்வி. நல்ல காட்சி அது. நான் பார்த்த சண்டைப் படங்களில் யாரும் யாரையும் அடிக்காத ஒரே சண்டை.

மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் அப்பா கேட்டார்.

“நீ உதைப் பாக்கேல்லை, என்ன?”

“இல்லையப்பா. பஸ் போயிடும்.”

“மற்ற ஆறும்?”

“மற்ற ஆறும்தான்.”

தலைக்கவசத்தை எடுத்து என்னிடம் தந்தார். பாலத்தில் காற்று அடித்தது, பேசியிருந்தாலும் கேட்டிருக்காது. அல்லைப்பிட்டியில் வேகத்தைக் குறைத்தபோது, ஐம்பது வாழையாவது போயிருக்கும் என்றார். 

அடுத்த நாள் கடையில் எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவும்போது, சந்தையில் கத்தரிக்காய் என்ன விலைக்குப் போனது என்று சொல்வது போல அதைச் சொன்னார்.

“பிள்ளை எழுதினதுதான் சரியெண்டு சொல்லிப்போட்டன்.”

கடை அதை ஏற்றுக்கொண்டது. அப்பா பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. லொறிக்காரர்கூட, போனில் வருவதை நம்பக்கூடாதுதான் என்று ஒத்துக்கொண்டாராம். ஆக, என் பெயர் தப்பிவிட்டது. எட்டாவது கட்டுரையை அனுப்பினால் அந்த இடமும் எனக்குத்தான்.

எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அப்பா மீதல்ல. வாசிக்கத் தெரியாத ஒருவர் எனக்காகப் பொய் சொல்லி என்னைக் காப்பாற்றும் அளவுக்குத்தான் நான் படித்திருக்கிறேனா என்று வந்த கோபம். அன்றைக்கே உட்கார்ந்து எட்டாவது கட்டுரையை எழுதினேன். ஏழு படங்களின் முடிவுகளையும் பார்க்கவில்லை, ஏழாவதன் முடிவு கடைசி பஸ்ஸில் செய்யப்பட்டது, ஆசிரியருக்கும் பொய் சொன்னேன் என்று எழுதினேன். திரும்பப் போய்ப் பார்த்ததையும் எழுதினேன். யாரோடு போனேன் என்பதை விட்டுவிட்டேன். விட்டதால் ஒரு பயனும் இல்லை. நான் யாரோடு போனேன் என்பது அந்தக் கடைக்குத் தெரியும்.

அனுப்பிவிட்டு, அப்பாவுக்குச் சொல்ல வேண்டும் என்று கிழமை முழுவதும் நினைத்தேன். அவர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார், பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பிறகு வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறு விடிந்து, அவர் சைக்கிளில் மரக்கறி கட்டிப் போகும்வரை எனக்கு வசதியான நேரம் அமையவில்லை. அம்மா வாசலில் நின்று, ஏன் இப்படி நகத்தைக் கடிக்கிறாய் என்று இரண்டு தரம் கேட்டார்.

நடந்ததைத் தபாற்காரர் பிறகு ஒருநாள் எனக்குச் சொன்னார். பாதி வாசித்ததும் விஷயம் புரிந்து நிறுத்தப் பார்த்தாராம். அப்பா, வாசியுங்கோ என்றாராம். முடிவுவரை வாசித்தாராம்.  லொறிக்காரர் உட்பட எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தாராம்.

“நான் கடைசியில நித்திரையாப் போனனான். வாழையளை வெட்டினதோட எனக்கு மனம் விட்டுப்போச்சு.”

முதலில் சிரித்தது லொறிக்காரர்தானாம். அவரே அப்பாவுக்குச் சூடாக இன்னொரு தேத்தண்ணி சொன்னாராம்.

பத்திரிகையில் அந்த இடம் எனக்குப் பாதிதான் கிடைத்தது. ஆசிரியர் நீண்ட நேரம் ஏசினார். ஏச்சு முடிந்ததும், இனிப் பகிடிப் படங்களை மட்டும் எழுதும், அவற்றுக்கு முடிவு தேவையில்லை என்று நீரே எழுதியிருக்கிறீர் என்றார். சண்டைப் படங்களை இப்போது பட்டணத்தில் வசிக்கும் ஒருவர் எழுதுகிறார். அவருக்கு பஸ் இல்லை, கருத்தும் அதிகமில்லை. புடவைக்கடை அக்காவிடம், அவர் சொன்ன முடிவை எடுத்து எழுதியதற்காக நான் மன்னிப்புக் கேட்டேன். தன்னுடைய முடிவு அச்சில் வந்த பேப்பரை வெட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். படத்தில் வந்ததைவிட அதுதான் நல்லது என்பது அவருடைய கருத்து.

எட்டாவது கட்டுரை வந்த அந்த ஞாயிறு அப்பா வீட்டுக்கு வந்தபோது நான் குசினிக்குள் அடுப்படியில் இருந்தேன். பேப்பரைக் கதிரையில் வைத்துவிட்டு வாசலில் நின்றார். ஏசுவார் என்று காத்திருந்தேன்.

“இனி அனுப்ப முன்னம் எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு,” என்றார். “அந்தக் கடையில போய் இருக்கிறது நான்.”

இப்போது புதன்கிழமை பின்னேரங்களில், அவர் தோட்டத்தால் வந்து கால் கழுவியதும், எழுதியதை வாசித்துக் காட்டுகிறேன். பகிடிகளுக்கு அவர் சிரிப்பது குறைவு. முடிந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார், படம் முடியிறமட்டும் இருந்தனியோ என்று. பதிலை ஓம் என்று சொல்வதற்காக இரண்டு சனிக்கிழமை கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். பெரியப்பாவின் மோட்டார் சைக்கிள் இரண்டு தடவையும் தியேட்டர் வாசலில் நின்றது.