கவுண்டி சார் வாங்காத தொப்பி

வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன் கீத் என்ற ஆங்கிலேயர் ஆடுகளத்தின் நடுவே குந்தி உட்கார்ந்து, அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். ஈரம் எவ்வளவு, பந்து எப்படி எழும்பும் என்று அறிய அவர் நாட்டில் அப்படிச் செய்வார்கள். அமீரகத்தின் புஜைராவில் எங்கள் ஆடுகளம் சிமெண்ட். அதன்மேல் ஒரு பச்சைப் பாய். போன வாரம் எப்படி இருந்ததோ அப்படியேதான் நாங்கள் எல்லோரும் விசா முடிந்து ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் இருக்கும். ஆனாலும் அவர் அழுத்துவார், யோசிப்பார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்குச் சற்றுக் கடினமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் அறிவிப்பார். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும் மக்கா, நேத்து வரைக்கும் சேறால்லா கெடந்துச்சு" என்பான் எங்கள் விக்கெட் கீப்பர் அந்தோணி. கீத்துக்குத் தமிழ் தெரியாது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையசைப்பார்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் மைதானம் என்றதும் புல்லை நினைக்க வேண்டாம். ஒரு பக்கம் மரமில்லாத மலை, மறுபக்கம் வெள்ளை எண்ணெய்த் தொட்டிகள், அவற்றுக்கு அப்பால் முறை வருவதற்காகக் கடலில் காத்து நிற்கும் கப்பல்கள். பந்து பிக்கப் வண்டிகளின் வரிசையைத் தொட்டால் நான்கு ஓட்டம். 2022 ஜனவரியில் அரசாங்கம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறாக மாற்றிவிட்டது. அந்தச் செய்தி எங்கள் தொழிலாளர் கேம்ப்புக்கு இன்னும் வந்து சேரவில்லை, எங்களுக்கு வெள்ளிதான். அந்தோணி என்னைப் போலவே குமரிக் கடற்கரைக்காரன், துறைமுகப் படகில் வேலை. கேப்டன் ஜமால், கீழக்கரைக்காரர். கஃபட்டேரியா வைத்திருக்கிறார். சட்டையும் பந்தும் வாங்கித் தருகிறார், ஆகையால் கேப்டன், ஆகையால் முதலில் மட்டை பிடிப்பவரும் அவரே. நான் தொட்டிகளில் அளவுமானிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீசியன். அணியில் ஸ்கோர் எழுதுபவன். எந்த வெள்ளியில் யார் என்ன அடித்தார் என்று தகராறு வந்தால் என்னிடம் வருவார்கள். வந்து கேட்டுவிட்டு, நான் சொன்னதை நம்பாமல் போவார்கள்.

கீத் தொட்டிகளுக்குப் பூசும் பெயிண்ட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டராக வந்தவர். அங்கேயும் கட்டைவிரல்தான். இளம் வயதில் கவுண்டி கிரிக்கெட் ஆடியவர் என்று தெரிந்ததும் ஜமால் அவரைக் கையோடு கூட்டிவந்து, "இங்கிலாந்து பிளேயர்" என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். வாசிப்புப் பழக்கம் உள்ளவனுக்கு வாய் சும்மா இருக்காது. கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி, இங்கிலாந்து அணி வேறு என்று விளக்கினேன். ஜமாலின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நம்ம ராம்நாடு டிஸ்ட்ரிக் டீம் மாதிரியாண்ணே?" என்றார். இல்லை, அவர்களுக்குச் சம்பளம் உண்டு என்றேன். "வெளையாடுறதுக்கு சம்பளமா!" மரியாதை திரும்பிவிட்டது. அன்றிலிருந்து அவர் கவுண்டி சார்.

அன்றே ஒரு வில்லங்கமும் வந்தது. ஜமால் வழக்கம்போல ஆரஞ்சு நிறத் தொப்பி ஒன்றை நீட்டினார். முன்பக்கம் கஃபட்டேரியாவின் பெயர், கீழே டெலிவரிக்கான போன் நம்பர். எதிரணிக்கும், அம்பயருக்கும், தண்ணீர் கேன் கொண்டுவருபவருக்கும்கூட அதைக் கொடுப்பார். கீத் அதை இரண்டு கைகளாலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, இதற்கு நான் இன்னும் தகுதி பெறவில்லை என்று சொல்லி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மொட்டைத் தலையோடு வெயிலில் போய் நின்றார். "நம்ம தொப்பி அவுக தலைக்கு ஆகாதாமா?" என்று ஜமால் கொதித்தார். அந்தோணி, "பாய், போன் நம்பர் இருக்குல்லா, ஆர்டர் வந்துருமோன்னு பயந்திருப்பாரு" என்று எரியும் அடுப்பை ஊதிவிட்டான்.

மறுபடியும் நான்தான் விளக்க வேண்டியதாயிற்று. கவுண்டிகளில் சம்பளத்துக்கு ஆடுகிறவன் எல்லாம் தொப்பி போட முடியாது. பல ஆண்டுகள் ஆடி, இவன் நம்மவன் என்று கவுண்டி முடிவு செய்த பிறகு, ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் கேப்டன் கொடுப்பார். கீத்துக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை.

அவருடைய கதையை வாரா வாரம், ஜமாலின் கடையில், டீ குடிக்கும் அளவுக்கே கேட்டோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் ஒப்பந்தம். குளிர்காலத்தில் தபால் பிரித்தார், ரொட்டி வேன் ஓட்டினார். பெரும்பாலும் இரண்டாம் அணி. முதல் அணியில் யாருக்காவது விரல் முறிந்தால் கூப்பிடுவார்கள். முறிந்த விரல் கூடினால் அனுப்பிவிடுவார்கள். அவர் பிறந்தது ஆற்றுக்கு அந்தக் கரையில், பக்கத்துக் கவுண்டியில். பாலத்தைக் கடந்து வந்த அந்தக் குற்றத்துக்காகப் பத்தாண்டுக்குமேல் அவரை வெளியூர்க்காரன் என்றே அழைத்தார்கள். பிறகு ஒரு செப்டம்பரில் செயலாளர் அறைக்குக் கூப்பிட்டு, கைகுலுக்கி, அடுத்த ஆண்டு வேண்டாம் என்றார். கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆட்களுக்கு இதில் புரியாத இடமே இல்லை. "ஃபைனல் செட்டில்மெண்ட் குடுத்தாங்களா சார்? ஊருக்கு பிளைட் டிக்கெட்?" என்று அந்தோணி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விசாரித்தான். வீடு மைதானத்திலிருந்து நடக்கும் தூரம்தான் என்றார் கீத். "அதுக்காக? டிக்கெட் கம்பெனி குடுக்கணும்லா!" அந்தோணிக்கு இன்றுவரை அந்தக் கவுண்டியின் மேல் கோபம்.

எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் கடற்கரை மணலில் ஆண்டுதோறும் ஒரு கிரிக்கெட் ஆட்டம் நடக்கும்: ஊர் லெவன், கல்ஃப் லெவன். முதல்முறை லீவில் போனபோது நான் என்னை அறியாமல் ஊர்க்காரர்கள் பக்கம் போய் நின்றேன். என்னோடு படித்தவன், "நீ அங்க போலே, உனக்கு அந்த டீமு" என்று கை காட்டினான். அந்த மணலில்தான் நான் மட்டை பிடிக்கக் கற்றது. கல்ஃப் லெவனில் குவைத்திலிருந்தும் ஓமானின் சோஹாரிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். யாருக்கும் யாரையும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி புதுச் செருப்பு. ஆற்றைக் கடந்தவரை வெளியூர்க்காரன் என்றார்கள். நான் கடலைக் கடந்தவன், குறை சொல்ல முடியாது.

நோன்பு முடிந்த பிறகு கீத்தின் வேலை முடிவதாகச் செய்தி வந்தது. வயதைச் சொல்லி ஒப்பந்தத்தை நீட்டவில்லை. அவர் விமானம் ஏறுவதற்கு முந்தைய வெள்ளி எங்களுக்கு ஃபைனல். ஜமால் தையல்காரரிடம் சொல்லிப் பச்சை வெல்வெட்டில் ஒரு தொப்பி தைத்து வாங்கியிருந்தார். போன் நம்பர் கிடையாது. மஞ்சள் நூலில் ஒரு படகு மட்டும். அதைத் தன் பிக்கப்பின் முன்கண்ணாடிக்குப் பின்னால் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். "சும்மா குடுத்தா வாங்க மாட்டாரு. ஜெயிச்சுக் குடுக்கட்டும், எல்லார் முன்னாலயும் நானே தலையில வைக்கிறேன்" என்றார். கீத் வண்டியைக் கடந்து போகும்போது நின்று அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு போய்ச் சிமெண்ட்டை அழுத்தினார்.

அன்று அவர் ஆடியதை எழுத எழுத என் ஸ்கோர் புத்தகத்தில் பக்கம் நிறைந்தது. ஓடவே மாட்டார், நடப்பார். ஆனால் பந்து பிக்கப்களைத் தேடித்தேடிப் போயிற்று. அரைச்சதம் எட்டிவிடும் தூரம், வெற்றியும் அப்படியே. அப்போது ஒரு பந்து மட்டையைக் கடந்து அவர்கள் கீப்பரின் கைக்குப் போனது. எதிரணி கத்தியது. எங்கள் ஆட்டங்களில் மட்டை பிடிக்கும் அணியே அம்பயரைத் தர வேண்டும். அன்று நின்றவன் அந்தோணி. தன் அணிக்காரனுக்கு அவன் விரல் தூக்கியதாக என் பதிவுகளில் இல்லை. டேப் சுற்றிய டென்னிஸ் பந்து, மலைக்காற்று. மட்டையில் பட்ட சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அந்தோணி கம்பீரமாகத் தலையை ஆட்டி மறுத்தான். கீத் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே நடந்தார்.

"சார்! நாட் அவுட்! மாஃபி அவுட்! கோ பேக்!" அரபி உட்பட அந்தோணிக்குத் தெரிந்த எல்லா மொழியும் வெளியே வந்தது. கீத் அவன் தோளைத் தட்டி, நல்ல தீர்ப்பு, ஆனால் பட்டது என்றார். அடுத்து வந்தவர்கள் வரிசையாகப் போனார்கள். தோற்றோம்.

"அவுட் குடுக்க வேண்டியது அம்பயரு. இவரு யாரு குடுக்க?" ஜமால் பிக்கப்பின் கதவை அறைந்து சாத்தினார். தொப்பி கண்ணாடிக்குப் பின்னாலேயே இருந்தது. அந்தோணி பாவம், தன் வாழ்நாளின் மிக நேர்மையான தீர்ப்பை ஒரு வெள்ளைக்காரர் மதிக்கவில்லை என்ற துக்கத்தில் இருந்தான்.

விமானம் ஏறும் நாள் கீத் கடைக்கு வந்தார். அதற்குள் ஜமாலின் கோபம் இறங்கியிருந்தது. டீயை வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பச்சைத் தொப்பியை எடுத்துவந்தார். கீத் அதைத் தொடவில்லை. தான் போகாமல் இங்கேயே இருந்தால் இன்று இதைக் கொடுப்பீர்களா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். ஜமால் கீழே பார்த்தார். வியாபாரி; அந்த இடத்தில் ஒரு பொய் ஒன்றும் கஷ்டமில்லை.

"இல்ல சார்" என்றார்.

மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. தன் கவுண்டியில்கூட யாரும் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை என்பதுபோல கீத் சிரித்தார். பிறகு ஆரஞ்சுத் தொப்பி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.

"அது எல்லாருக்கும் சும்மா குடுக்கிறது சார்."

அதனால்தான் கேட்கிறேன் என்றார் கீத்.

போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தார். மேகம் மூடிய மைதானம், நனைந்த புல், ஏறக்குறைய ஆளில்லாத பெஞ்சுகள். ஆடுவது அவருடைய பழைய கவுண்டி. ஆரஞ்சுத் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார். ஜமாலின் டெலிவரி நம்பர் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் இருந்தவர் இது எந்தக் கவுண்டியின் தொப்பி என்று கேட்டாராம். புஜைரா என்றாராம். கேட்டவர் தெரிந்ததுபோலத் தலையசைத்தாராம்.

படத்தை ஜமாலுக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அங்க இருந்து ஆர்டர் வந்தா என்னண்ணே செய்றது?" என்றார். அவர் தலைக்குமேலே, டீ பாய்லருக்குப் பக்கத்து ஆணியில், பச்சைத் தொப்பி ஆவியில் நனைந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குத் தகுதியானவர் யாரும் இன்னும் வரவில்லை. திருவிழா லீவுக்கு நான் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். ஊரிலிருந்து போன் செய்து, கல்ஃப் லெவனில் என் பெயரைச் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்கள். துணிகளுக்கு மேலே ஓர் ஆரஞ்சுத் தொப்பியை வைத்து மூடினேன்.