பழைய லேப்டாப்பும் மூன்றாவது புகாரும்

பழைய எலக்ட்ரானிக் சாமான் விற்கும் தொழிலில் விற்பது ஒரு நாள் வேலை. விற்றதற்குப் பதில் சொல்வதுதான் மற்ற நாட்களின் வேலை. என்னைப் போல ஆன்லைனில் பழைய போனும் லேப்டாப்பும் விற்றுக் காலம் தள்ளும் சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, பழைய சாமான்களை வாங்கி, சரிபார்த்து, துடைத்து, படம் பிடித்து, ஒரு ஆப்பில் போட்டு விற்கிறேன். முன்பு ஒரு செல்போன் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே ரிப்பேர் பார்த்தேன். வேலை என்னுடையது, பெயர் முதலாளியுடையது. இப்போது கடை என் பெயரில். ஆதார் கார்டைத் தவிர என் பெயரில் இருப்பது அது ஒன்றுதான் என்பதால், அதன் மேல் எனக்குக் கொஞ்சம் பைத்தியமே உண்டு.

அந்த ஆப்புக்கு ஒரு சட்டம். ஒரு வருஷத்துக்குள் மூன்று பேர் புகார் கொடுத்து, அதை அவர்களே திரும்பப் பெறவில்லை என்றால் கடையை மூடிவிடும். யார் பக்கம் நியாயம் என்றெல்லாம் கேட்காது. போன வருஷம் என் பிழைப்பு அந்த மூன்றை நோக்கித்தான் போனது.

குறை சொன்ன குற்றம்

ஒரு டேப்லெட் விற்பனைக்கு வந்தது. பின்னால் பேச்சு கேட்கக் கூடாது என்று, மூலையில் கீறல், பேட்டரி நான்கு மணி நேரம்தான் நிற்கும், சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கரகரக்கும் என்று மூன்றையும் எழுதிவிட்டேன். விழுப்புரத்துக்காரர் ஒருவர் வாங்கினார். மூன்றாம் நாள் முதல் புகாரைப் பதிவு செய்துவிட்டு எனக்குப் போன் போட்டார். கீறல் இருக்கிறதாம். கரகரக்கிறதாம். சரியாக நான்கு மணி நேரத்தில் அணைந்துவிடுகிறதாம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். எல்லாம் நான் எழுதியபடியே இருக்கும்போது புகார் எதற்கு என்று பணிவாகக் கேட்டேன். அவருக்கு என் பணிவும் சந்தேகமாகப் பட்டிருக்க வேண்டும்.

"விக்கிறவங்களே மூணு குறை சொல்றீங்கன்னா, சொல்லாத குறை எத்தினி வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

சார் இருக்காரா?

ஆப்பில் உள்ள கணக்கில் என் இனிஷியல் மட்டும் இருப்பதால் வாங்குபவர்களுக்கு நான் 'சார்'. குரலைக் கேட்டதும் அந்தப் பதவி போய்விடும். சார்கிட்ட குடும்மா என்பார்கள். திண்டிவனத்திலிருந்து என்னிடம் மானிட்டர் வாங்கிய ஒருவர், படம் வரவில்லை என்று சண்டைக்கு வந்தார். கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒயர் சொருக இரண்டு இடம் இருக்கும், கீழே இருப்பதில் சொருகுங்கள் என்று அரை மணி நேரம் சொன்னேன். சார் வந்து பேசட்டும், இல்லையென்றால் புகார்தான் என்று முடித்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். டிக்கெட் மிஷினைத் தாண்டி வேறு எந்த மிஷினோடும் அவருக்குச் சகவாசம் கிடையாது. சாப்பிட உட்கார்ந்தவரின் காதில் போனை வைத்து, நான் ஒரு நோட்டில் எழுத எழுத அவரைப் படிக்கச் சொன்னேன். கீழே இருக்கிற இடத்தில் சொருகுங்கள் என்பதை, ஸ்டாப்பிங் பெயர் சொல்லும் குரலில் அவர் படித்தார். அங்கே உடனே படம் வந்துவிட்டது. திண்டிவனத்துக்காரர் மனதாரப் பாராட்டினார்.

"நீங்க ஒரு நிமிஷத்துல சொல்லிட்டீங்க சார், அந்தம்மாவுக்கு விஷயமே தெரியல, இனிமே அவங்கள போன எடுக்க வுடாதீங்க."

மலை ஏறிய போன்

இரண்டாவது புகார் உள்ளூரிலிருந்தே வந்தது. வீடியோ போடும் இளைஞர். என்னிடம் வாங்கிய போன் கொதிக்கிறது என்று எழுதியிருந்தார். நேரில் வரச் சொல்லி விசாரித்தேன். சித்திரை மாத உச்சி வெயிலில், செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் போனை நிறுத்தாமல் படம் எடுத்துக்கொண்டே ஏறியிருக்கிறார். பாதி வழியில் அவருக்கே மயக்கம் வந்து படியில் உட்கார்ந்துவிட்டாராம். ஆளே சுருண்டு விழுகிற வெயிலில் போன் மட்டும் சூடாகக் கூடாதா என்று கேட்டேன். மடக்கிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகவும் இருந்தது.

"நான் சூடானா பரவால்லக்கா, என்ன யாரும் கண்டிஷன் சூப்பர்னு போட்டு விக்கல."

நல்லா வேலை செய்த ஸ்பீக்கர்

ஆப்பில் பணம் கட்டி, வியாழக்கிழமை நேரில் வந்து பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிப்போனவர், திங்கட்கிழமை அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். வலைக்குள் கலர் பேப்பர் துண்டுகள் சிக்கியிருந்தன. பழுதா என்றால் இல்லை. சத்தம் போதவில்லையா என்றால், ஊருக்கே கேட்டது என்றார். அப்புறம் ஏன் என்று கேட்டுக்கொண்டே, மூன்றாவது புகாருக்குப் பயந்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

"காதுகுத்து முடிஞ்சிடுச்சில்ல, இனிமே இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

தொண்டூர் லேப்டாப்

கடைசியில் மூன்றாவது புகார் குவைத்திலிருந்து வந்தது. அங்கே வேலை பார்க்கும் ஒருவர், தொண்டூரில் இருக்கும் தன் அப்பா அம்மாவுக்காக என்னிடம் லேப்டாப் வாங்கியிருந்தார். மகனைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. இவர் முகம் தொண்டூரில் நன்றாகத் தெரிகிறதாம். அவர்கள் முகம் இவருக்குத் தெரியவில்லை, சிவப்பாக ஏதோ அப்பிக்கொண்டிருக்கிறது, கேமரா போன சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். அவர் அதைத் திரும்பப் பெற ஆப் எனக்கு இரண்டு நாள் கெடு கொடுத்தது. கடை போனால் மறுபடி அந்தச் செல்போன் கடையில்தான் போய் நிற்க வேண்டும். மறுநாள் காலை தொண்டூருக்குப் பஸ் ஏறினேன்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே, ஒரு ஸ்டூலின் மேல், மல்லிகைச் சரத்தோடு லேப்டாப் வீற்றிருந்தது. திரையில் மகன், கடுகடுவென்று. அப்பா நாற்காலி போட்டார், அம்மா மோர் கொடுத்தார். நான் திரையின் மேல் விளிம்பைப் பார்த்தேன். நட்ட நடுவில், கேமராவின் மேலேயே, சந்தனம். அதன் மேல் குங்குமம். வந்த அன்றைக்கே பூஜை போட்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் புதுப்பித்தும் இருக்கிறார்கள்.

சட்டென்று முந்தானையால் துடைத்துவிட்டேன். கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். குவைத்தில் முதலில் தெரிந்தது என் முகம்தான். மகன் வாயைத் திறப்பதற்குள் இங்கே அந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. புள்ள நல்லாருக்கணும்னு வெச்ச பொட்ட இப்படித் தொடச்சிட்டியேம்மா என்றார். நெத்தியில வெக்காம முதுகுலயா வெப்பாங்க என்று அப்பாவும் கேட்டார். எனக்குப் புகார், கெடு, கடை எல்லாம் மறந்துபோய், செய்த காரியத்துக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்துவிட்டது.

"அது நெத்தி இல்லம்மா, கண்ணு," என்றேன். "அது வழியாத்தான் உங்க புள்ள உங்கள பாக்குறாரு."

அந்தம்மா திரைக்கு அருகில் குனிந்து, தெரியுதாடா என்று மகனைக் கேட்டார். தெரியுதும்மா என்றார் அவர். கடுகடுப்பு போயிருந்தது. அம்மா இளைத்துவிட்டதாக மகன் சொன்னார். கொஞ்ச நேரம் மூவரும் என்னை மறந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு மகன் தானாகவே நினைவு வந்து புகாரை நீக்கினார். என் போனில் செய்தி வந்தது, எனக்கு மூச்சு வந்தது. அந்தம்மா குங்குமச் சிமிழை எடுத்துவந்து, நான் காட்டிய இடத்தில், லேப்டாப் மூடியின் பின்பக்கம், புதுப் பொட்டு வைத்தார். கோபம் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"கண்ணுன்னு ஒரு வார்த்த எழுதி அனுப்பியிருந்தா, பெத்தவ நான் போயி எம்புள்ள கண்ணுல பொட்டு வெப்பனாம்மா?"

கடை பிழைத்துவிட்டது, என் லேப்டாப் விளம்பரங்களில் மட்டும் இப்போதெல்லாம் விலைக்கு மேலே முதல் வரியாக, 'பொட்டு வைக்கும் இடம்: மூடியின் பின்பக்கம்' என்று இருக்கிறது.