இன்னொரு குழியில் என்ன இருக்கிறது?

ஐம்பதுகளின் நடுவில், ராகி அறுவடை முடிந்து போரடித்துக்கொண்டிருந்த ஒரு மார்கழிக் கடைசியில், ஓசூரை அடுத்த மத்திகிரிக்கும் அப்பால் உள்ள கிராமத்தில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிறந்த ஊர் பாரூர் ஏரிப் பக்கம். நெல்லைக் குதிரில் கொட்டி வைத்துப் பழகியவள் நான். இங்கே ராகியை மண்ணுக்குள் புதைத்து வைப்பார்கள் என்று கேட்டதும் முதலில் சிரித்துவிட்டேன்.

களத்தின் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாகக் குழி வெட்டியிருப்பார்கள். வயிறு அகலமாக இருக்கும், வாய் மட்டும் ஒரு ஆள் இறங்குகிற அளவு. ராகியைக் கொட்டி, மேலே பலகைக் கல்லை வைத்து, மண் பூசி மூடிவிட்டால் வருஷக் கணக்கில் பூச்சி அண்டாது. எங்கள் வீட்டுக்கு அப்படி இரண்டு குழிகள் இருந்தன.

அதில் ஒரு ஆபத்தும் உண்டு. மூடிக் கிடந்த குழிக்குள் காற்று கெட்டுப்போயிருக்கும். தெரியாமல் இறங்கினவர் இறங்கின இடத்திலேயே சுருண்டு விழுவார். அதனால் கல்லை நகர்த்திக் கொஞ்ச நேரம் ஆறப் போட்டுவிட்டு, ராகித் தாளைப் பிரியாக முறுக்கி, கொளுத்தி, கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவார்கள். அடிவரைக்கும் அணையாமல் எரிந்தால் குழியில் மூச்சு இருக்கிறது, ஆள் இறங்கலாம். சாமி கும்பிட மறந்தாலும் மறப்பார்களே தவிர, இதை மறக்க மாட்டார்கள்.

அதற்கு முந்தின கோடையில் என் கணவரின் அண்ணன், எனக்கு மச்சாண்டார் முறை, கிணறு வெட்டினார். மாமனார் இல்லாத வீடு. மச்சாண்டார் வைத்ததுதான் சட்டம். பாறை குறுக்கிட்டதால் அனுமதி வாங்கி வெடி வைத்தார்கள். வேலை முடிந்தபோது வெடிமருந்து மீந்துவிட்டது. மீந்ததை வைத்திருப்பவர்கள் எவ்வளவு, எங்கே என்று மணியக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், வீட்டிலும் வைக்கோல் போரிலும் வைக்கக் கூடாது என்று தமுக்கடித்துச் சொல்லியிருந்தார்கள். சொன்னால் தாலுக்கா ஆபீசுக்கு எடுத்துப் போய்விடுவார்கள்; அடுத்த வருஷம் கிணற்றை ஆழப்படுத்த வேண்டுமென்றால் மறுபடி செருப்புத் தேய அலைய வேண்டும். ஆகவே ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. பாதி வீடுகளில் மருந்து இருந்தது, எல்லோருக்கும் அது தெரிந்தும் இருந்தது.

என் மச்சாண்டார் முட்டாள் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. நெருப்பு அண்டாத இடம் எது என்று யோசித்திருக்கிறார். பரண் வேண்டாம், கீழே அடுப்பு. மாட்டுக் கொட்டகை வேண்டாம், பீடி குடிக்கிறவர்கள் வந்து போகிற இடம். காலியாகக் கிடந்த ராகிக் குழிதான் சரி என்று சாக்கில் கட்டி இறக்கி, கல்லைப் போட்டு மண்ணும் பூசிவிட்டார். நெருப்பு இறக்கித்தானே அந்தக் குழியைத் திறப்பார்கள், அது அவருக்குத் தோன்றவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். திறக்கிறபோது தான் அங்கே இருப்போம் என்று நினைத்தாராம். பெண்டாட்டியிடம் சொல்லவில்லை, கூடப் பிறந்த தம்பியிடமும் சொல்லவில்லை.

அன்று காலை அவர் மாடு பார்க்க ஓசூருக்குப் போய்விட்டார். நடுப்பகலில் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. தூற்றின ராகி களத்தில் மலையாகக் கிடக்கிறது. நனைந்தால் முளைத்துவிடும், வருஷச் சோறு போச்சு. குழியைத் திறந்துவிடலாம் என்று என் கணவர் சொன்னார். யாருக்குமே அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. அவரும் ஒரு கூலியாளும் கல்லை நகர்த்தினார்கள். நான் தாளை முறுக்கிக் கொடுத்தேன். அவர் கொளுத்தி, குனிந்து பார்த்தபடியே கயிற்றை விட்டார்.

சத்தத்தைவிட எனக்கு நினைவிருப்பது அந்த நெருப்புதான். குழியின் குறுகின வாய் வழியாக அது தூணாக எழும்பியது. அவர் மல்லாந்து விழுந்தார். தலைமயிர் கருகி, முகம் முழுக்கக் கரி. கண் இருக்கிற இடமே தெரியவில்லை. “என்னாச்சு, ஏன் இருட்டா இருக்குது?” என்று என்னையே கேட்டார். நட்ட நடுப்பகல் அது.

வெடிமருந்து நெடி அந்தக் களத்தில் நின்ற அத்தனை பேர் மூக்கிலும் ஏறியது. என் பிறந்த ஊர்ப் பக்கத்திலும் கிணற்றுக்கு வெடி வைப்பார்கள், எனக்கும் அந்த நெடி தெரியும். ஆனால் ஓடி வந்தவர்களில் ஒரு பெரியவர், “குழிக் காத்து பத்திக்கிச்சு” என்றார். உடனே எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒரு வீட்டில் வெடித்தது வெடிமருந்து என்று தெரிந்தால் ஊரையே சோதனை போடுவார்களே! ஊரோடு ஒத்து வாழ் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் இதில்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் வண்டி கட்டினார். ஈரத்துணியை முகத்தில் போட்டு, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான், கண் வந்துவிடும் அல்லவா என்று. வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு என்ன தெரியும்?

ஊரிலிருந்து சைக்கிளில் முன்னால் போன ஒருவர் கடைத்தெருவில் தேடிப் பிடித்துச் சொல்லி, எங்களுக்கு முன்னாலேயே மச்சாண்டார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் மச்சாண்டார் எதிரில் நிற்கக் கூடாது, அவரோடு நேருக்கு நேர் பேசவும் கூடாது. அவரும் என்னிடம் பேசமாட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் சொல்வார். அன்றும் வண்டிக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார்.

“டாக்டரு கேட்டா குழிக் காத்துன்னு சொல்லச் சொல்லுப்பா. வேற பேச்சு எதும் வேணாம்.”

டாக்டரிடம் அவரே முந்திக்கொண்டு அப்படிச் சொன்னார். டாக்டர் தலையாட்டிவிட்டு, களிம்பு தடவிக் கட்டுப்போடச் சொன்னார். கம்பவுண்டர் துணியைக் கிழிக்கிறார். வெறும் காற்று எரிந்ததற்குச் செய்கிற வைத்தியமும், கண்ணுக்குள் மருந்துத் தூள் தெறித்ததற்குச் செய்கிற வைத்தியமும் ஒன்றாகவா இருக்கும்? வாயைத் திறந்தால் வீட்டுப் பெரியவர் ஜெயிலுக்குப் போவார், என்னையும் பிறந்த வீட்டுக்கு விரட்டுவார்கள். திறக்காவிட்டால் இவர் கண்ணைக் கட்டி மூடிவிடுவார்கள்.

தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் போனேன். “குழிக் காத்து இல்லைங்க. உள்ள வெடி மருந்து இருந்துச்சுங்க” என்றேன்.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. கட்டுத் துணியை வாங்கித் தூரப் போட்டார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, விளக்கைக் கிட்டத்தில் பிடிக்கச் சொல்லி, கண்ணைக் கழுவிக் கழுவி, ஊசி முனையால் கரித் துகள்களை எடுக்க ஆரம்பித்தார். என் கணவர் போட்ட அலறலை நான் இங்கே எழுதப்போவதில்லை. கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே டாக்டர் நிமிராமல் கேட்டார், இன்னும் எங்காவது மிச்சம் வைத்திருக்கிறீர்களா என்று. மச்சாண்டார் வாசல் பக்கம் திரும்பி, கருத்த வானத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழை வருகிறது. ராகி களத்தில் கிடக்கிறது. ஒரு குழி போய்விட்டது. என் ஓரகத்தி, மச்சாண்டாரின் மனைவி, கூலியாட்களை வைத்துக்கொண்டு இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள்?

வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சாண்டார் முகத்தை நேராகப் பார்த்தேன். “மாமா, இன்னொரு குழியில என்ன வெச்சிருக்கீங்க?”

அவர் வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி கேட்டேன். “அதுலயும் பாதி இருக்குதும்மா” என்றார். சொல்லிவிட்டு வெளியே ஓடினார். யாருடைய சைக்கிளையோ எடுத்துக்கொண்டு போனார் என்று பிறகு தெரிந்தது.

அங்கே நடந்ததை ஓரகத்திதான் சொன்னாள். தூறல் விழ ஆரம்பித்துவிட்டதாம். முதல் குழியில் மருந்து இருந்தது எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரியும். அதுதான் வெடித்துத் தீர்ந்துபோச்சே என்று அடுத்த குழியின் கல்லை நகர்த்தியிருக்கிறார்கள். ஒரு ஆள் அடிபட்ட இடம் என்று வழக்கத்தைவிட அதிகப் பயத்தோடு, பெரிய பிரியாகவே கொளுத்தியிருக்கிறார்கள். ஓரகத்தி பிரியைக் குழி வாய்க்குக் கொண்டுபோனபோது மச்சாண்டார் களத்துக்குள் வந்து விழுந்திருக்கிறார். மூச்சு வாங்கிப் பேச முடியவில்லை. எரிகிற பிரியை வெறுங்கையால் பறித்து, நெஞ்சோடு சேர்த்து அழுத்தி அணைத்தாராம்.

அந்தக் கையோடு, வீட்டுக்குள்கூடப் போகாமல், மழையில் நடந்து மணியக்காரர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டார். மறுநாள் போலீஸ் வந்தது. ஊரில் மற்ற வீடுகளில் இருந்த மருந்தெல்லாம் அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவர் சில மாதம் சிறையில் இருந்தார். ராகி நனைந்து முளைவிட்டது. அந்த வருஷம் முழுக்க மக்கல் வாடை அடிக்கிற களியைத்தான் தின்றோம்.

என் கணவருக்கு ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் கொஞ்சம் பார்வை தங்கியது. பிறந்த குழந்தைகளின் முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கிற அளவுக்கு அது போதுமாக இருந்தது. கட்டுப்போட்டு மூடியிருந்தால் அதுவும் மிஞ்சியிருக்காது என்று டாக்டர் சொன்னார்.

சிறையிலிருந்து வந்த மச்சாண்டார் யார் வழியாகவும் இல்லாமல் என்னிடமே நேராகப் பேசினார். சாகும்வரை அப்படித்தான். ஊர் அதைக் குறை சொன்னது, நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரை நான் முழுசாக மன்னித்தேனா என்று கேட்டால், பொய் சொல்ல மாட்டேன், இல்லை. ஆனால் என்னை இன்றும் தூங்கவிடாமல் செய்வது அவர் மருந்தை ஒளித்துவைத்தது அல்ல. மரியாதை என்று நினைத்து அன்று நான் தலை குனிந்தே நின்றிருந்தால், என் ஓரகத்தி அந்த நெருப்பை இறக்கியிருப்பாள் என்பதுதான்.