ஹவாயின் மறுபாதி

எங்கள் சபையில் மிஷனெரி ஞாயிறன்று பெண்களில் ஒருவர் ஏதாவது ஒரு நாட்டைப் பற்றிப் பேசுவது வழக்கம். தொண்ணூறுகளில் ஒரு வருடம் எனக்கு ஹவாய் வந்தது. நாலு பேர் முன்னால் வாயே திறக்காதவள் நான். பள்ளிப் படிப்போடு நின்று, அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சபைச் செயலாளர் ஒரு பழைய புத்தகத்தைக் கொடுத்து, சபையில் பாதி வரைக்கும் படித்தால் போதும் என்றார். முதல் பாதியில் அமெரிக்க மிஷனெரிகள் வந்து எழுத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவர்களிடம் படித்தவர்களை வைத்து ராஜா, தலைவனுக்கும் குடியானவனுக்கும் ஒரே பாதுகாப்பு என்று உரிமைச் சாசனம் எழுதுகிறார். மறுபாதியில், அதே மிஷனெரிகளின் வாரிசுகள் சிலர் கரும்புத் தோட்ட முதலாளிகளோடு சேர்ந்து, துப்பாக்கிகளைக் காட்டி, பின்னால் வந்த ராஜாவிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். சொத்தோ வருமானமோ இல்லாதவர்களுக்குச் சட்ட மேல்சபைத் தேர்தலில் ஓட்டு இல்லை என்றாயிற்று. கூலிக்கு வந்த சீனருக்கும் ஜப்பானியருக்கும் எதற்குமே ஓட்டு இல்லை.

அந்த மாதம்தான் எங்கள் கமிட்டி சந்தாவை உயர்த்தியிருந்தது. கட்டாதவர்களுக்குச் சபைத் தேர்தலில் ஓட்டு கிடையாது. மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேரால் அதைக் கட்ட முடியாது, எங்களாலும்தான். அந்தச் சபைக் கோயிலைக் கட்ட மண் சுமந்தவர்கள் எங்கள் அப்பாக்கள்.

மறுபாதியையும் சபையில் படிக்கப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "கோயில்ல பாட்டையே வாய்க்குள்ளதான் பாடுவ. இப்ப இன்னா, ஹவாயிக்காகச் சண்ட போடப் போறியா?"

ஞாயிறன்று முதல் பாதியை முடித்ததும் செயலாளர் பாட்டுக்கு எழுந்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன். மறுபாதியைப் படித்தேன். நிறுத்தவில்லை. கடைசியாகப் புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சொன்னேன்.

"உரிமய எய்திக் குடுத்தவங்க புள்ளைங்களே அத்தப் புடுங்கிக்கினாங்க. இங்கயும் அதான் நடக்குது."

வெளியே செயலாளர் என்னை நிறுத்தினார். "இது அரசியல் மேடை இல்லம்மா."

"நீங்க குடுத்த புத்தகந்தாங்க ஐயா" என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

சந்தா குறையவில்லை. தேர்தல் அன்று, கட்டாதவர்கள் பின்பெஞ்சுக்குப் போகவேண்டும் என்றார்கள். எங்கள் தெரு முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்தது, என் வீட்டுக்காரரும்தான். கை தூக்கச் சொன்னபோது தூக்கினோம். எங்களை விட்டுவிட்டு எண்ணினார்கள். அடுத்த தேர்தலிலும் தூக்கினோம், அப்போதும் விட்டார்கள். அதற்கடுத்த தேர்தலில் எண்ணினார்கள்.