இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்த ஆயில்

இருபது வருஷம் ஜீப்புக்கு ஆயில் மாற்றிய பெருமையில், பழசாக வாங்கிய ஆட்டோமேட்டிக் காருக்கும் கியர் ஆயிலை நானே மாற்றினேன். ஜீப் பழக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு அளவு பார்த்தேன். சரியாகவே காட்டியது.

மறுநாள் மனைவியோடு பெரம்பலூரிலிருந்து கல்லங்குறிச்சி கோயிலுக்குக் கிளம்பினேன். அரியலூர் பக்கம் ஒரு மேட்டில் நின்று எடுத்தபோது இன்ஜின் உறுமியது. கார் மட்டும் பின்னால் உருண்டது. பின்னே சிமெண்ட் லாரி! பதறி பிரேக்கை மிதித்தேன். ஒரு முழ இடைவெளியில் தப்பித்தோம்.

"சொந்தக்காரங்கள அடுக்கிக்கிட்டுத் தேருக்குப் போனோமே, அந்த ஜீப்பு ஒரு நாளாவது இப்படிப் பண்ணிருக்குங்களா?" என்றாள் மனைவி. காரை ஓரமாக நிறுத்தி மெக்கானிக்கை வரவழைத்தேன்.

மெக்கானிக் சிரித்தார். "இன்ஜின் ஓடுறப்பதான் இதுல அளவு பாக்கணும்ண்ணே. அணைச்சா ஆயில் கீழ எறங்கி, நெறைஞ்சாப்புல காட்டும். ரெண்டு லிட்டர் கம்மியா இருக்கு."

இப்போதெல்லாம் வண்டி சூடானதும், பிரேக்கை மிதித்து கியரை எல்லா நிலைக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டு, இன்ஜின் ஓடும்போதே அளவு பார்க்கிறேன். இடதுகால்தான் இல்லாத கிளட்ச்சை இன்னும் தேடுகிறது. அதைச் சரிசெய்ய மெக்கானிக் கிடைக்கவில்லை; தேடவும் இல்லை.