நாய்க்கு வீடு தேடிய கார்டு

லாலாகுடா ரயில்வே காலனியில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார் அந்தச் சரக்கு ரயில் கார்டு. ஒல்லி உடம்பு, கனத்த பூட்ஸ். சரக்கு வண்டிக்கடியில் பதுங்கிக் கிடந்த ஒரு பெட்டை நாயை மீட்டு வைத்திருந்தார். நாள் கணக்கில் வண்டியோடு போகிறவர் அதை எப்படி வளர்ப்பது? ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் அது நடுங்கியது. "இந்த வீடு சரிப்படாது" என்று திரும்பக் கூட்டிப்போய்விடுவார்.

எங்கள் வராந்தாவிலும் அது பெஞ்சுக்கடியில் ஒளிந்துகொண்டது. அவர் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கீழே உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த என் மனைவியிடம், "நக்கோ அம்மா, வேணாம், அதைப் பாக்காதீங்க. உங்க வேலையைப் பாருங்க" என்றார். உடனே அவரே குனிந்து பார்த்தார். மறுபடி நடந்தார். எனக்குத் தலை சுற்றியது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அண்ணே, அது எங்களைப் பாத்து நடுங்கல. உங்க பூட்ஸ் சத்தத்துக்குத்தான் நடுங்குது. கொஞ்சம் உக்காருங்க."

உட்கார்ந்தார். ஆடிக்கொண்டிருந்த முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நாய் மெல்ல வெளியே வந்து, என் மனைவியின் புடவையை முகர்ந்து, அங்கேயே படுத்துத் தூங்கிப்போனது.

அவர் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கொதிக்கும் தெருவில் இறங்கி நடந்தார். முனை திரும்பும்வரை போட்டுக்கொள்ளவில்லை. அப்புறமாவது போட்டுக்கொண்டாரா, தெரியாது.